எல்.எஸ். 3/5ஏ: பழைய ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு ஹை-ஃபை

வீட்டு ஹை-ஃபை அமைப்பில் ஒலியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிப்பது ஸ்பீக்கர்தான். சுமாரான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில்கூட ஒலித்திரிபு ஒரு சதவீதத்தை எட்டுவதில்லை. நல்ல ஸ்பீக்கரே தாழ்ந்த சுரங்களில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஆகவே முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்துகொண்டு, அதற்கு என்ன தேவையோ அதைப் பார்த்து மற்றவற்றைச் சேர்ப்பதே செலவு வீணாகாத வழி. பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், கிங்ஸ்வுட் வாரன் என்ற மாளிகையில் இயங்கிவந்தது. ஸ்டுடியோக்களின் ஒலியமைப்பை எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளில் சோதித்துப் பார்ப்பது அங்கு நடந்த வேலைகளில் ஒன்று. அறை சிறுத்த அளவுக்கு ஒலியின் அதிர்வெண் உயர வேண்டும் என்பதால் இசைப்பதிவை வேகமாக ஓட்டி, மாதிரிக்குள் வைத்த குட்டி ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தார்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரை வளர்த்தெடுத்ததே எல்.எஸ். 3/5. இடமே இல்லாத வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் பேச்சையும் இசையையும் சரிபார்க்க அது பயன்பட்டது. அதன் வூஃபரையும் ட்வீட்டரையும் தயாரித்த கெஃப் நிறுவனம் அவற்றில் மாற்றம் செய்ததால் வடிவமைப்பையும் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியதற்கு 'ஏ' சேர்ந்தது. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூவர் எழுதிய வடிவமைப்பு அறிக்கை 1976இல் வெளியானது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்று இதைத் தயாரித்தன.

பெட்டியின் உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. உள்ளே சுமார் 5 லிட்டர் கொள்ளளவு. காற்று புகாதபடி மூடியது. பிர்ச் ஒட்டுப்பலகையால் ஆன சுவர்களின் அதிர்வை அடக்க உட்புறம் கனமான தகடுகள் ஒட்டியிருக்கும். பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கூம்பு கொண்ட வூஃபர் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க, அதற்கு மேல் 19 மி.மீ. குமிழ் ட்வீட்டர் ஏற்றுக்கொள்ளும். ட்வீட்டரைச் சுற்றியுள்ள தடித்த கம்பளிப் பட்டைகள் அலங்காரத்துக்கு அல்ல. ஒலி பெட்டியின் ஓரத்தில் பட்டுச் சிதறுவதை அவை தடுக்கின்றன. முன்துணியும் கணக்கில் சேர்ந்ததே. அதைக் கழற்றிவிட்டுக் கேட்பவர்கள் வடிவமைப்பாளர்கள் நினைக்காத ஒலியைக் கேட்கிறார்கள்.

இவ்வளவு சிறிய பெட்டியில் ஆழ்ந்த தாழ்சுரத்தை எதிர்பார்க்க முடியாது. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி விரைந்து குறைகிறது. டபுள் பாஸின் அடித்தந்தி எழுப்பும் சுரமோ 41 ஹெர்ட்ஸ். ஆனாலும் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசான ஓர் எழுச்சி இருப்பதால் குறை உடனே காதில் படுவதில்லை. மனிதக் குரலில் இதை மிஞ்சும் ஸ்பீக்கர்கள், இன்றைய விலை உயர்ந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும், அதிகமில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு வளையம். 1970களின் பல ஸ்பீக்கர்களில் அது நுரைப் பொருளால் ஆனது; வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் சீக்கிரம் பொடிந்து, விரல் பட்டாலே உதிரும். எல்.எஸ். 3/5ஏயில் அது ரப்பர் போன்ற பொருள் என்பதால் அரை நூற்றாண்டு கழித்தும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மற்றொன்று, ஜோடிப் பொருத்தம். ட்வீட்டரின் ஒலியளவை வூஃபருக்கு இணையாக்க ஒலியை இரண்டுக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே திருத்தம் செய்திருப்பார்கள். ஒன்றின் ட்வீட்டரைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். 1980களின் இறுதியில் 15 ஓம் மாதிரிக்குப் பதிலாக 11 ஓம் மாதிரி வந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டையும் கலக்கக் கூடாது.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இந்த ஸ்பீக்கர் தருவது சுமார் 83 டெசிபல். திறன் இரட்டிப்பானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். இது தாங்குவதாகச் சொல்லப்படும் 25 வாட்டைக் கொடுத்தால் 97 டெசிபல் வரும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 90ஐச் சற்றே தாண்டும். வீட்டில் கேட்க அது போதும், கொண்டாட்டத்துக்குப் போதாது. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதால் கூடுதல் சத்தம் கிடைக்காது. வூஃபர் கருகும் வாய்ப்புதான் கூடும். 15 ஓம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 8 ஓமில் 50 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் 15 ஓமில் ஏறக்குறைய 27 வாட்தான் தரும். ஆக, 50 வாட் என்று குறித்த ஆம்ப்ளிஃபையரே இதற்குச் சரியான ஜோடி. பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் 16 ஓம் முனை தனியாகவே இருக்கும். அவை இழப்பில்லாமல் பொருந்தும்.

கேபிளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 3 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் மின்தடை 0.04 ஓம் அளவுதான். 15 ஓமுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல. மிச்சமாகும் பணத்தை உறுதியான ஸ்டாண்டுகளுக்குச் செலவிடலாம். உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் ட்வீட்டர் இருக்க வேண்டும். பெரும்பாலான நாற்காலிகளுக்கு 60 செ.மீ. உயரம் ஒத்துவரும். சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைத்து, இரண்டு பெட்டிகளையும் கேட்பவரை நோக்கிச் சற்றுத் திருப்பினால் பாடுபவர் நடுவில் நிற்பது போலத் தோன்றும். பெரிய கூடத்தில் இது திணறும்; சிறிய அறைதான் இதன் இடம்.

ஒலி மூலத்தில் இந்த ஸ்பீக்கர் தாராள மனதுடையது. டர்ன்டேபிள் மோட்டாரின் தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் இதில் கேட்காது. ஆனால் வளைந்த இசைத்தட்டு சுழலும்போது காதுக்கு எட்டாத அலைவுகள் எழுந்து வூஃபரை வீணாக முன்னும் பின்னும் தள்ளும். ஆகவே ஃபோனோ பகுதியில் சப்சானிக் ஃபில்டர் இருப்பது நல்லது. சி.டி. பிளேயருக்கோ கணினியோடு இணைக்கும் டிஜிட்டல் மாற்றிக்கோ இந்தக் கவலை இல்லை.

தாழ்சுரம் வேண்டியே தீரும் என்றால் சப்வூஃபர் சேர்க்கலாம். அப்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் தடுத்துவிட்டால் வூஃபரின் சுமை குறைந்து, கூடுதல் சத்தத்தையும் அது தாங்கும். சப்வூஃபரின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாமல், அது ஓடுகிறது என்று தனியாகத் தெரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும்.