ஆட்டிசம்: ஸ்கூல்ல சீட் கிடைச்சா போதுமா?

"அதான் ஸ்கூல்ல சேர்த்துக்கிட்டாங்களே, அப்புறம் என்ன?" ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அட்மிஷனோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா?

ஆட்டிசம் என்பது என்ன?

இது நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலர் பேசவே மாட்டார்கள். பேசலைன்னா புரியலைன்னு அர்த்தம் இல்லை. நாம் கவனிக்கவே கவனிக்காத ஸ்கூல் பெல் சத்தம் சிலருக்குத் தாங்க முடியாத வேதனை. காதைப் பொத்திக்கொண்டு ஓடும் அந்தக் குழந்தைக்கு நாம் வைக்கும் பெயர், 'அடங்காத பிள்ளை'.

இந்தியாவில் எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்குத் தனி வகை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டு சட்டம் சொன்ன 7 வகைகளிலும் அது இல்லை. 2016-ம் ஆண்டு உரிமைகள் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

சட்டம் கேட்பது என்ன?

'உள்ளடக்கிய கல்வி'க்கு 2016 சட்டம் தரும் விளக்கத்தில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பது. இரண்டு, அவர்களின் தேவைக்கேற்ப கற்பிக்கும் முறையை மாற்றுவது. பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 மாணவர்களுக்கும், அதற்கு மேல் 15 மாணவர்களுக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2022 அறிவிக்கை. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

வகுப்பறையில் என்ன மாறணும்?

இன்று என்னென்ன நடக்கும் என்று படமாக ஒட்டிய அட்டவணை. சத்தம் தாங்கலைன்னா போய் உட்கார ஓர் அமைதியான மூலை. வாயால் சொல்ல முடியாதவர் எழுதியோ, படத்தைக் காட்டியோ பதில் சொல்ல அனுமதி. சிபிஎஸ்இ தேர்வில் ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பது பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் குழந்தை யாரோடு உட்கார்ந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அடுத்த முறை ஸ்கூலுக்குப் போனால் அதைக் கேளுங்க.