சோஃபா முழுக்க நாய் முடியா? துடைப்பத்துக்கு முன்னாடி சீப்பை எடுங்க!

கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்பும் அன்றைக்குத்தான் வீட்டு லேப்ரடாருக்குப் பாசம் பொங்கும். ஓடி வந்து ஒரு உரசு உரசிவிட்டுப் போகும். அவ்வளவுதான், பேன்ட் முழுக்க வெள்ளை முடி! சோஃபாவில் முடி, தலையணையில் முடி, ஃபேன் இறக்கையில் முடி, சில நாள் சாம்பாரிலும் முடி. நாய் வளர்க்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான்.

கேட்க ஜாலியாக இருந்தாலும், இதை வைத்து வீட்டுக்குள் நடக்கும் சண்டை நிஜம். "பெருக்கிப் பெருக்கி இடுப்பே போச்சு, யாருக்காவது கொடுத்துடு" என்று அம்மா சொல்வார். ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பார். வெயில் காலம் வந்தால் சிலர் நாய்க்கு மொட்டை அடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், 'நல்ல வீடு தேவை' என்று போட்டோ போட்டு நாயையே கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டுக்குமே அவசியம் இல்லை. நாய்க்கு முடி உதிர்வதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால், உதிரும் முடி வீடு முழுக்கப் பறக்கணுமா, சீப்பிலேயே சிக்கணுமா என்பதை நாம் முடிவு செய்யலாம். அது எப்படினு பார்ப்போம்.

ஏன் இப்படிக் கொட்டுது?

ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. கொஞ்ச காலம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். அந்த இடத்தில் புது முடி முளைக்கும். நம் தலைமுடி சில வருடங்கள் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு அந்த வளர்ச்சிக் காலம் ரொம்பக் குறைவு. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட நீளத்தோடு நின்று, பிறகு கொட்டுகிறது. பூடில் மாதிரி இனங்களில் முடி நீண்ட காலம் வளரும். அதனால் கொட்டுவது குறைவு. ஆனால், வெட்டிவிடாமல் விட்டால் சடை பிடித்துவிடும்.

குளிர் நாடுகளில் பகல் நேரம் நீள்வதையும் குறைவதையும் பொறுத்து, வருடத்துக்கு இரண்டு முறை நாய்கள் கொத்துக் கொத்தாக முடியை உதிர்க்கும். சென்னையில் வருடத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு ராத்திரி 11 மணி வரை டியூப் லைட், ஏசி வேறு. பருவம் மாறுவது நாயின் உடம்புக்குச் சரியாகப் பிடிபடாததால், நம் ஊரில் பல நாய்களுக்கு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

உங்க வீட்டு நாய் எந்த ரகம்?

லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, பொமரேனியன் இவையெல்லாம் 'டபுள் கோட்' நாய்கள். வெளியே கொஞ்சம் முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடர்த்தியான இன்னொரு அடுக்கு. வீட்டில் உருண்டை உருண்டையாக ஓடுவது பெரும்பாலும் அந்தப் பஞ்சு முடிதான்.

"குட்டை முடி நாய்னா கொட்டாது" என்பது தப்புக் கணக்கு. பக், பீகிள் இரண்டும் கொட்டுவதில் பெரிய நாய்களுக்கே சவால் விடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெரு நாய் என நம்ம ஊர் நாய்களுக்குப் பராமரிப்பு குறைவுதான் என்றாலும் முடி உதிரத்தான் செய்யும். அந்தக் குட்டை முடி ஊசி மாதிரி துணிக்குள் குத்திக்கொண்டு, பெருக்கினாலும் வராது.

மொட்டை அடிச்சா பிரச்னை முடிஞ்சுதா?

இல்லை. மொட்டை அடித்தாலும் உதிரும். முடி நீளத்தில் சின்னதாகும், அவ்வளவுதான். டபுள் கோட் நாய்க்கு மொட்டை அடிப்பதில் வேறு சிக்கலும் உண்டு. மேல் அடுக்கு முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. அதை எடுத்துவிட்டால் தோல் வெயிலில் கன்றிப்போகலாம். சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாக, பழைய பளபளப்பு இல்லாமல் முளைக்கும். சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகியும் சரியாக வளராது.

நாய் தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்கிறது. நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. எனவே வெயில் காலத்தில் அதற்குத் தேவை நிழல், ஃபேன், எப்போதும் தண்ணீர், உள்ளே தேங்கிய செத்த முடியை வாரி எடுப்பது. இவைதான். தோல் நோய்க்காக டாக்டரே முடியை எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

10 நிமிஷம் சீப்பு... ஒரு மணி நேரம் மிச்சம்!

தரையில் விழுந்த முடியைத் துரத்துவதைவிட, நாய் உடம்பில் இருக்கும்போதே பிடிப்பதுதான் சுலபம். எந்த நாய்க்கு என்ன சீப்பு?

* குட்டை முடி நாய்களுக்கு: ரப்பர் பிரஷ் அல்லது ரப்பர் கிளவுஸ். வாரத்துக்கு 2 முறை போதும்.
* டபுள் கோட் நாய்களுக்கு: மேலே வார ஸ்லிக்கர் பிரஷ், உள் அடுக்கை எடுக்க பற்கள் அகலமாக இருக்கும் அண்டர்கோட் ரேக். வாரத்துக்கு 3, 4 முறை. அதிகமாகக் கொட்டும் சீசனில் தினமும்.
* ஷி ட்சு, லாசா ஆப்ஸோ போன்ற நீள முடி நாய்களுக்கு: ஸ்டீல் சீப்பு, தினமும். கொட்டுவது குறைவு என்றாலும் சிக்கு விழும்.

முடி வளரும் திசையிலேயே வாருங்கள். மேலாக்கப் பூசிவிட்டுப் போகாமல், முடியைக் கையால் விலக்கி, தோல் தெரிகிற மாதிரி பகுதி பகுதியாக வர வேண்டும். தொடையின் பின்பக்கம், வாலின் அடிப்பகுதி, காதுக்குப் பின்னால், கழுத்து இந்த இடங்களில்தான் அதிகம் தேங்கியிருக்கும். எவ்வளவு அழுத்துவது என்று சந்தேகமா? அதே பிரஷ்ஷை உங்கள் முன்கையில் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் அதற்கும் வலிக்கும்.

பிளேடு மாதிரி இருக்கும் டீ-ஷெட்டிங் டூலில் முடி மலை மாதிரி வருவதைப் பார்த்து உற்சாகத்தில் இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். அளவு மீறினால் நல்ல முடியும் அறுந்து, தோலும் சிவந்துவிடும்.

இதையெல்லாம் ஃபேன் ஓடாத இடத்தில், பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் செய்யுங்கள். பால்கனி என்றால் கீழ் வீட்டுத் துணி காய்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வந்த முடியைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டாய்லெட்டில் போட்டால் பிளம்பர் செலவுதான் மிச்சம்.

தினமும் குளிப்பாட்டலாமா?

வேண்டாம். அடிக்கடி ஷாம்பூ போட்டால் தோலின் எண்ணெய்ப்பசை போய், வறண்டு, முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை, பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நம் தோலைவிட நாயின் தோலுக்கு அமிலத்தன்மை குறைவு. அதனால் நம் ஷாம்பூ, பாத்திர சோப்பு எதுவும் ஆகாது. நாய்க்கென இருக்கும் ஷாம்பூதான் சரி.

முதலில் வாரிவிட்டு அப்புறம் குளிப்பாட்டுங்கள். சிக்கோடு நனைந்தால் முடிச்சு இறுகிவிடும். குளித்த பிறகு உள் அடுக்கு வரை துவட்டிக் காயவைப்பது ரொம்ப முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும், நாற்றம் வரும். பாத்ரூம் ஜல்லடையில் ஒரு சின்ன வலையைப் போட்டால் முடி அடைக்காது.

தயிர்சாதம் மட்டும் போதாது

முடி என்பது கிட்டத்தட்ட முழுவதுமே புரதம்தான். தினமும் தயிர்சாதம், பால், பிஸ்கட் என்று போனால் உடம்பு முடிக்கு எங்கிருந்து புரதம் எடுக்கும்? தரமான நாய் உணவு கொடுங்கள். வீட்டுச் சாப்பாடு என்றால் வேகவைத்த முட்டை, சிக்கன், முள் எடுத்த மீன் சேருங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. மத்தி போன்ற மீன்களில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு தோலுக்கு நல்லது. மீன் எண்ணெய் மாத்திரை என்றால் நாயின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். சாப்பாட்டை மாற்றிய பலன் முடியில் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஒரு வாரத்தில் 'ரிசல்ட்' தேடாதீர்கள்.

வீட்டைச் சுத்தம் பண்ண ஒரு வரிசை இருக்கு

* முதலில் ஃபேனை நிறுத்துங்கள். ஓடும் ஃபேனுக்குக் கீழே பெருக்குவது, முடிக்கு டூர் ஏற்பாடு செய்வது மாதிரி.
* மேலிருந்து கீழே வாருங்கள். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசியும் முடியும் உறைக்குள்ளேயே விழும்.
* சோஃபா, மிதியடிக்கு ரப்பர்தான் ராஜா. பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸை லேசாக நனைத்து ஒரே திசையில் தேயுங்கள். முடி உருண்டு வரும். பாத்ரூம் வைப்பரும் இந்த வேலையைச் செய்யும். அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.
* தரையில் வேக்வம் இருந்தால் முதலில் அது. இல்லையென்றால் பூந்துடைப்பத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து மெதுவாகப் பெருக்கி, பிறகு மாப். முடி இருக்கும் தரையில் நேராக மாப் போட்டால் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகும்.
* துணியை மெஷினில் போடும் முன் உதறுங்கள். நனைந்துவிட்டால் முடி துணியை விடாது. நாயின் விரிப்பைத் தனியாகத் துவைத்து, பிறகு டிரம்மையும் லின்ட் ஃபில்டரையும் துடைத்துவிடுங்கள்.
* ஏசி ஃபில்டரை 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

இன்னொரு எளிய வழி, சோஃபாவில் நாய்க்கென ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே ஒரு காட்டன் பெட்ஷீட்டைப் போடுவது. வாரம் ஒருமுறை அதை மட்டும் மாற்றினால் போதும். வெல்வெட் துணியை மட்டும் மறந்துவிடுங்கள்.

"நாய் முடி போனா ஆஸ்துமா வருமாமே?"

உறவினர் யாராவது கட்டாயம் இதைக் கேட்பார்கள். நாய் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் முடி அல்ல. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் காரணம். முடி அவற்றைச் சுமந்து திரியும் வாகனம். அதனால், 'அலர்ஜியே வராத இனம்' என்று சொல்லி விற்கப்படும் நாய்களை நம்பி ஏமாறாதீர்கள். எல்லா நாய்க்கும் எச்சில் உண்டு.

வீட்டில் யாருக்காவது வீசிங், தொடர் தும்மல் இருந்தால் முதலில் டாக்டரிடம் டெஸ்ட் எடுத்து, காரணம் நாய்தானா என்று உறுதி செய்யுங்கள். கரப்பானும் தூசிப்பூச்சியும்கூட அதே வேலையைச் செய்யும். நாய்தான் காரணம் என்றால், பெட்ரூமுக்குள் அனுமதிக்காமல் இருப்பது, வாரும் வேலையை வேறு ஒருவர் செய்வது, ஹெப்பா ஃபில்டர் போடுவது எல்லாம் ஓரளவு உதவும். ஆஸ்துமா தீவிரமாக இருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

சாப்பாட்டில் ஒரு முடி விழுந்து வயிற்றுக்குள் போய்விட்டால் ஆபத்தில்லை. ஆனால், முடியில் குடற்புழு முட்டைகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. எனவே டாக்டர் சொல்லும் இடைவெளியில் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதும், நாயைத் தொட்டபின் கை கழுவுவதும் முக்கியம்.

இதெல்லாம் சாதாரணம் இல்ல... டாக்டரிடம் ஓடுங்க!

முடி எல்லாப் பக்கமும் சமமாக உதிர்ந்து, தோல் சுத்தமாக இருந்தால் கவலை இல்லை. குட்டி போட்ட பெண் நாய்க்கு ஓரிரு மாதங்களில் நிறையக் கொட்டுவதும் சகஜம். ஆனால்...

* வட்டமாகவோ திட்டாகவோ வழுக்கை விழுந்தால்
* விடாமல் சொறிந்தால், கடித்தால், பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால்
* தோல் சிவந்து, செதில் உதிர்ந்து, நாற்றம் அடித்தால்
* உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைந்து, கூடவே எடை ஏறி, சோம்பிக் கிடந்தால்

உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை, உணவு அலர்ஜி, தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் நமக்கும் தொற்றும். வேப்பெண்ணெய், மஞ்சள் என்று கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலும் காட்டலாம்.

கடைசியா ஒரு விஷயம்

நாய் வாங்கவோ தத்தெடுக்கவோ யோசிக்கிறீர்களா? குட்டியின் கண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், தினமும் 10 நிமிஷம் வார நம்மால் முடியுமா என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். வேலையை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'நாய் உன்னோடது, பெருக்குறது அம்மாவோடது' என்ற ஏற்பாடு ரொம்ப நாள் ஓடாது. முடிக்குப் பயந்து நாயைத் தெருவில் விடுவது தீர்வே இல்லை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வாரும் அந்த 10 நிமிஷத்தில் வீடு சுத்தமாவது மட்டும் நடப்பதில்லை. காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்ணி, வயிற்றில் புதிதாக வந்திருக்கும் கட்டி, பாதத்தில் குத்திய முள் எல்லாம் உங்கள் கையில்தான் முதலில் தட்டுப்படும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல அதற்குத் தெரியாது. இன்றைக்கு சாயங்காலமே ஒரு சீப்பு வாங்கி ஆரம்பியுங்கள்!