மட்டக்களப்பு வாவியும் வெள்ள அபாயமும்

மட்டக்களப்பு வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர். வடகீழ்ப் பருவமழையில் உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டால், நீர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களை மூடி வாவியில் சேரும். வாவி நீர் கடலுக்குப் போகும் முக்கிய வழி பாலமீன்மடு முகத்துவாரம். அலைகள் குவிக்கும் மணல்திட்டு அதை அடைத்துவிடுவதுண்டு. வெள்ளம் ஏறும்போது அந்த மணலை வெட்டி நீரை விடுவார்கள். வெட்டுவது பிந்தினால் ஊர்களுக்குள் நீர் புகும். அவசரப்பட்டு வெட்டினால் வாவி நீர் வேகமாக வற்றி, மீன்பிடி பாதிக்கப்படும்.

2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டது. இந்த அபாயத்தை நகர வளர்ச்சியும் கூட்டுகிறது. நகரம் வளர வளர, வாவிக்கரைச் சதுப்பும் கண்டல் காடும் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. வடிகால்களை மதில்கள் மறிக்கின்றன. தேங்க இடமில்லாத மழைநீர் வீடுகளுக்குள் ஏறுகிறது. தாழ்நிலத்தை நிரப்பாமல் காப்பதும், குளம் திறக்குமுன் கரையோர மக்களை எச்சரிப்பதும், முகத்துவாரத்தை உரிய நேரத்தில் வெட்டுவதும் ஒரே திட்டமாக நடக்க வேண்டும்.