பள்ளிக்கூட வளவின் கதையைக் கேளுங்கள்

தீவகத்தில் நீண்டகாலம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றை மீண்டும் திறப்பதற்காகப் பெற்றார் சிரமதானம் செய்த நாளில் நானும் அங்கே நின்றேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். புங்குடுதீவை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அப்படியான பள்ளிக்கூடங்கள் ஒன்றல்ல, பல நினைவுக்கு வரும். எருக்கலையும் நாயுருவியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. மண்வெட்டியும் கத்தியுமாக முப்பது பேர் வரை மதியத்துக்குள் முன்வளவைத் துப்புரவாக்கிவிட்டோம்.

கிணற்றடிக்குப் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தோம். வளவெங்கும் பற்றையாய் இருக்க, கிணற்றுக்குப் பக்கத்தில் நாலு பாய் விரிக்கும் அளவு நிலம் கறுத்து வெறுமையாய்க் கிடந்தது. ஒரு புல்லுக்கூட இல்லை. மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினார்கள். பழைய ஒயில் மணம் மூக்கில் அடித்தது.

"உதுக்குள்ளதான் லைற் எஞ்சின் நிண்டது, சுவாமி" என்றார் ஒரு பெரியவர். "ஒயில் மாத்தினா உதிலையே ஊத்திறது. உடைஞ்ச பற்றறியளும் உதிலைதான் கிடந்தது." 1991 இல் ஊர் வெளிக்கிட்டபோது வெளிக்கிடாமல் நின்றுவிட்ட சிலருள் அவர் ஒருவர். பள்ளிக்கூடம் முகாமாக இருந்த காலத்தை வேலிக்கு அப்பாலிருந்து கண்டவர்.

அன்று மாலை ஒரு தாய் என்னிடம் தனியே வந்தார். இரண்டு பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகவே வன்னியிலிருந்து ஊர் திரும்பியவர். "பாதர், அந்தத் தண்ணியைப் பிள்ளையள் குடிக்கலாமோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன்னரே பக்கத்தில் நின்ற கணவர் குறுக்கிட்டார். "சும்மா இரும். இருக்கிறதே முப்பது பிள்ளையள். உதையும் எழுதிக் குடுத்தா, திறக்காமலே மூடிப்போடுவாங்கள்."

முதலில் திறக்கட்டும், கிணற்றைப் பிறகு பார்ப்போம் என்றேன் நான். சொன்னது பிழை. வீடு வந்து சேர முன்னரே அது மனதை உறுத்தத் தொடங்கியது. இக்கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

பள்ளிக்கூடத்தையும் அதன் அடியில் கிடக்கும் நிலத்தையும் சேர்த்து யோசிக்க உலகத்துக்குப் படிப்பித்தது அமெரிக்காவின் நயாகரா நகரம். அங்கே வெட்டத் தொடங்கி இடையில் கைவிடப்பட்ட ஒரு வாய்க்கால் இருந்தது. லவ் என்பவர் வெட்டத் தொடங்கியதால் அது லவ் கால்வாய். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்ற இரசாயனக் கம்பனி ஏறத்தாழ 21,000 தொன் கழிவை அதற்குள் கொட்டி மண்ணால் மூடியது. 1953 இல் அந்த நிலத்தை நகரக் கல்விச் சபைக்கு ஒரேயொரு டொலருக்கு எழுதிக் கொடுத்தது. இரசாயனக் கழிவு புதைத்திருக்கிறது, இனி வருவதற்குத் தான் பொறுப்பில்லை என்ற வாசகமும் உறுதியிலே இருந்தது. ஆக, கல்விச் சபைக்குத் தெரியாமல் நடந்த காரியம் அல்ல அது. நிலம் மலிவு, பிள்ளைகள் தொகை கூடுகிறது, பள்ளிக்கூடம் வேண்டும். கட்டினார்கள். அத்திவாரம் வெட்டும்போது கழிவுப் பரல்கள் தட்டுப்பட்டன. கட்டடத்தைச் சிறிது தள்ளி வைத்துக் கட்டினார்கள்.

இருபது வருடங்களுக்கு மேல் பிள்ளைகள் அந்த மண்ணில் ஓடி விளையாடினார்கள். பின்னர் மழையும் பனியும் மிகுந்த காலங்களில் கழிவு மேலே கசிந்து, வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் வந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இளந்தாய், அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த தன் மகன் அடிக்கடி நோயுறுவதைக் கண்டு, வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டார். மறுத்தார்கள். அவர் வீடு வீடாகக் கதவு தட்டி யாருக்கு என்ன நோய் என்று எழுதத் தொடங்கினார். 1978 ஆகஸ்டில் நியூயோர்க் மாநிலம் அவசரநிலை அறிவித்துப் பள்ளிக்கூடத்தை மூடியது. அடுத்த இரண்டு வருடங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கிருந்து குடிபெயர்ந்தன. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. குண்டுக்கு அஞ்சியல்ல, மண்ணுக்கு அஞ்சி.

நயாகரா வெகுதூரம். சுன்னாகம் எமக்குத் தூரமில்லை. தீவகத்திலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் வலிகாமத்தில் குடியிருந்தன, அங்கேயே பிள்ளைகளைப் படிப்பித்தன. சுன்னாகம் மின்நிலைய வளவில் மின்சார சபையினதும் பின்னர் தனியார் கம்பனிகளினதும் எண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகள் பல ஆண்டுகள் இயங்கின. சுற்றுவட்டாரத்துக் கமக்காரர்தாம் மாற்றத்தை முதலில் கண்டார்கள். கிணற்று நீரில் மண்ணெண்ணெய் மணம். காலையில் எட்டிப் பார்த்தால் வானவில் நிறத்தில் ஒரு படலம். அவர்கள் சொன்னபோது உடனே நம்பியவர்கள் குறைவு.

2013 இன் இறுதியிலிருந்து 2014 வரை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அப்பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் இலங்கைத் தர நியமத்தை மிஞ்சியிருந்தன. 2015 சனவரியில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மல்லாகம் நீதிமன்றத்தின் உத்தரவோடு நொதேர்ண் பவர் கம்பனியின் மின்உற்பத்தி நிறுத்தப்பட்டது. குடிநீர் பவுசர்களில் வந்தது. நல்ல தண்ணீர்க் கிணற்றை வீட்டு முற்றத்தில் வைத்திருந்தவர்கள் வாளியோடு வீதியில் காத்து நின்றார்கள்.

அடுத்து நடந்ததைப் பெற்றார் கவனமாக வாசிக்க வேண்டும். அப்போதைய வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான மாசு காணப்படவில்லை என்ற பொருள்பட அறிக்கை தந்தது. ஒரு அரச நிறுவனம் எண்ணெய் உண்டு என்கிறது. இன்னொரு குழு ஆபத்து இல்லை என்கிறது. சனம் எதை நம்பும்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "எண்ணெயும் கிறீசும்" என்று மொத்தமாகத் தேடுவது ஒரு சோதனை. பென்சீன் முதலான குறித்த சில நச்சுப் பொருட்களை மட்டும் தேடுவது வேறொரு சோதனை. அந்த நாலைந்து பொருள் அகப்படவில்லை என்றால், அவை அகப்படவில்லை என்பதே பொருள். தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்பதல்ல. ஆகவே சோதனை முடிவை யாராவது கையில் தந்தால், "நல்லதோ, கெட்டதோ?" என்று கேட்க முன்னர், "எதை எதைத் தேடினீர்கள்?" என்று கேளுங்கள். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

சுன்னாகம் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கைக் கொண்டுபோனவர் கலாநிதி ரவீந்திர காரியவசம் என்ற சுற்றுச்சூழல் ஆர்வலர், தென்னிலங்கையைச் சேர்ந்தவர். இதையும் எம்மவர் மறந்துவிடக் கூடாது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற நியதிப்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு நீதிமன்றம் அக்கம்பனிக்கு உத்தரவிட்டது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்களின் தவறுகளும் அங்கே பேசப்பட்டன. பாழான கிணறுகளுக்கு 2 கோடி பெரிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "எமது கிணறு கெட்டுவிட்டது" என்ற கமக்காரனின் சொல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் எடுபட்டது. இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அது பின்பலம்.

குடாநாட்டிலும் தீவுகளிலும் இந்த விடயம் ஏன் இவ்வளவு பாரதூரமானது? எமது நிலத்தின் அடி சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். மழைநீர் அதனூடாகத்தான் கீழே இறங்குகிறது. மேலே ஊற்றிய ஒயிலும் அதே வழியால்தான் இறங்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கீழே நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது பொதுக்கணக்கு. மேலே அரையடி குறைந்தால் கீழே இருபது அடி உப்பு மேலேறும். புங்குடுதீவு போன்ற சிறு தீவில் இந்த நன்னீர்ப் படை மிகவும் மெல்லியது. அதனால் கிணறு கெட்டுவிட்டது என்று மோட்டர் பூட்டி ஒரேயடியாய் இறைத்துக் கொட்டினால், ஒயில் போகுமோ தெரியாது, உப்பு வந்து சேரும். உப்பு வந்த கிணறு திரும்ப நன்னீராக எத்தனை மாரி வேண்டும் என்று தோட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிரமதானத்தில் உற்சாகமாய்க் கிணறு இறைக்கும் எம் இளைஞருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை, கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். குளோரின் போட்டாலும் கிருமி சாகும். ஒயிலும் ஈயமும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் சாகாது. அவற்றுக்கு உயிர் இல்லை. கொதித்துத் தண்ணீர் வற்ற வற்ற ஈயமும் நைத்திரேற்றும் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

தண்ணீரைப் போலவே மண்ணும். உடைந்த பற்றறியின் ஈயம் ஆழத்துக்கு இறங்காமல் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், ஆண்டுக்கணக்காய். அது பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே தாக்கும். அவர்கள் மண்ணில் விளையாடி அதே கையை வாயில் வைப்பார்கள். உட்சென்ற ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் பெரியவரின் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சல் போல உடனே தெரியாது. படிப்பிலும் நடத்தையிலும் பின்னரே தெரியவரும். "பிள்ளை மொக்கு" என்று நாம் அடித்துக்கொண்டிருப்போம். எனவே முகாம் இருந்த இடம், லொறி திருத்திய இடம், ரயரும் வயரும் எரித்த இடம் எதுவாயினும் பள்ளித் தோட்டத்துக்கோ மணல் விளையாட்டுக்கோ தெரிய வேண்டாம். உடைந்த அஸ்பெஸ்ரோஸ் சீற்றுகளை மேலும் உடைக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அப்புறப்படுத்த வேண்டும். கூட்டித் தூசி கிளப்பக் கூடாது. வெடிபொருள் போல ஏதும் தென்பட்டால் கை வைக்காமல் அடையாளமிட்டு உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குப் பழகிய பாடம்.

தீவகத்தில் பெரிய தொழிற்சாலை இருக்கவில்லை, எமக்கேன் இந்தக் கதை என்று சிலர் கேட்கலாம். முகாம் ஒரு சிறு தொழிற்சாலைதான்: எஞ்சின், எரிபொருள், பற்றறி, கழிவு எல்லாம் அங்கே உண்டு. அதோடு எம்மவர் எல்லோரும் தீவில் இல்லை. 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் சூழலில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் அயலில் காணி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த இடங்களில் மாசு உண்டு என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைச் சேர்க்க முன்னர் வளவின் கதையைக் கேளுங்கள் என்கிறேன்.

அந்தக் கதை எந்தக் கந்தோரிலும் முழுமையாக இராது. அது ஊரில் நின்ற முதியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணால் தூர்த்திருந்தார்கள் என்றும், மகன் ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டினான் என்றும் தொடக்கநூல் சொல்கிறது. எந்த இடத்தில் தோண்டுவது என்று ஈசாக்குக்கு யாரோ ஒரு கிழவர் காட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. வேதத்தில் அது இல்லை, என் ஊகம்.

நாம் செய்தது இதுதான். அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரைக் கதிரையில் இருத்தி, பள்ளிக்கூட வளவை ஒரு கொப்பித் தாளில் கீறச் சொன்னோம். எஞ்சின் நின்ற இடம், பரல் அடுக்கிய இடம், குப்பை எரித்த இடம், மலக்குழி என்று ஏழு இடங்களைக் குறித்தார். அந்தப் படத்தோடு பெற்றாரின் கையொப்பமிட்ட கடிதத்தை அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், பிரதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தை மூடுங்கள் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தண்ணீரைச் சோதியுங்கள், அதுவரை பவுசரில் நீர் தாருங்கள், சோதனை முடிவின் பிரதியை எழுத்தில் தாருங்கள் என்று மூன்றே கேட்டோம். எண்ணெய்ச் சோதனைக்கு நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும், பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்பதை அப்போதுதான் நானும் அறிந்தேன். கிருமிச் சோதனைக்குத் தொற்றுநீக்கிய வேறு போத்தல். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. நீர்மட்டம் மாற முடிவும் மாறும்.

கணவர் பயந்தது நடக்கவில்லை. பதில் வரச் சுணங்கியது, இரண்டு தரம் நேரில் போகவும் நேர்ந்தது; அது வேறு கதை. கிருமிச் சோதனையின் முடிவு வந்துவிட்டது: கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. எண்ணெய்ச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. கறுத்த நிலத்தைச் சுற்றிக் கிளுவங் கதியால் நட்டு அடைத்திருக்கிறோம். பெரியவர் கீறிய படம் அதிபரின் அறைச் சுவரில் தொங்குகிறது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். பவுசர் மறுநாள்தான் வந்தது. அன்று எல்லோரும் வீட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்திருந்தார்கள்.