நாலு டாலர் இசைத்தட்டு

சென்ற பொங்கல் விழாவுக்கு நாலைந்து நாள் முன்பு. என் பேத்தி நம் சங்க மேடையில் பாடுவதற்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போனில் பதிவு செய்தாள், காதில் வைத்துக் கேட்டாள், முகத்தைச் சுளித்தாள், அழித்துவிட்டாள். "ஏம்மா அழிச்சே? நல்லாத்தானே இருந்தது?" என்றேன். "போங்க தாத்தா, நடுவுல குரல் நடுங்குது. நல்லா வந்தப்புறம் வச்சுக்கலாம்" என்றாள்.

அன்று அவளிடம் ஒரு கதை சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சங்க இலக்கியமும் கல்வெட்டும் பேசுகிற இந்த மலரில் ஓர் அமெரிக்கப் பாப் பாடகருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டெமோ என்றால் என்ன?

இசைத் தொழிலில் 'டெமோ' என்றால் மாதிரிப் பதிவு. கடைக்கு விற்பனைக்கு வராதது. 'என் குரல் இப்படி இருக்கும், இந்தப் பாட்டு இப்படிப் போகும்' என்று ஒரு கம்பெனிக்காரருக்கோ, சக கலைஞருக்கோ, சில சமயம் தனக்குத் தானேயோ காட்டிக்கொள்ளச் செய்வது. புடவைக் கடையில் துணியின் ஒரு துண்டை வெட்டிக் காட்டுவார்களே, அதைப்போல. இப்படிப்பட்ட மாதிரிகளில் உலகப் புகழ் பெற்ற ஒன்று, எல்விஸ் பிரெஸ்லி என்ற பதினெட்டு வயதுப் பையன் 1953ஆம் ஆண்டு கோடையில் செய்துகொண்டது.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம்

எல்விஸ் 1935ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், ஒரே பிள்ளை. 1948இல் பிழைப்புத் தேடி டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்குக் குடும்பத்தோடு இடம் பெயர்ந்தார்கள். அங்கே அரசாங்கம் கட்டிய ஏழைகள் குடியிருப்பில் சில ஆண்டுகள் இருந்தார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய நம்மில் பலருக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம்! அவர்களுக்கு மொழி மாறவில்லை, ஆனால் கிராமத்து ஆள் நகரத்தில் படும் கூச்சம் இருந்தது. பள்ளியில் அதிகம் பேசாத பையன் என்றுதான் எல்விஸைப் பற்றிச் சொல்கிறார்கள்.

யூனியன் அவென்யூ, எண் 706

மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸ் என்பவர் 1950 ஜனவரியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். பெயர் மெம்ஃபிஸ் ரிக்கார்டிங் சர்வீஸ். எதையும், எங்கேயும், எப்போதும் பதிவு செய்து தருவோம் என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். வயிற்றுப்பாட்டுக்காகக் கல்யாணம், இழவு எல்லாவற்றையும் பதிவு செய்து கொடுத்தார்கள். ஆனால் பிலிப்ஸின் மனசெல்லாம் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் இசையில் இருந்தது. பி.பி. கிங், ஹௌலிங் வுல்ஃப் போன்றவர்கள் அவரிடம் பாடினார்கள். 1952இல் சன் ரிக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனமும் தொடங்கினார்.

1953 ஜூலையில் உள்ளூர் பத்திரிகை ஒன்றில் இந்தக் கூடத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. சிறைக் கைதிகள் சேர்ந்த பாட்டுக் குழு ஒன்று அங்கே வந்து பாடியதைப் பற்றிய செய்தி அது. அதைப் படித்துத்தான் எல்விஸுக்குத் தைரியம் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்து, பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன், கிதாரைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றான். கட்டணம் ஏறக்குறைய நாலு டாலர்.

முன்னறையில் இருந்தவர் மேரியன் கீஸ்கர் என்ற பெண்மணி. நீ எந்த மாதிரிப் பாட்டுப் பாடுவாய் என்று கேட்டாராம். எல்லா மாதிரியும் என்றானாம் பையன். யாரைப் போலப் பாடுவாய் என்றதற்கு, நான் யாரைப் போலவும் பாடமாட்டேன் என்று பதில் வந்ததாம். பிற்காலத்தில் கீஸ்கர் சொன்னது இது. நல்ல மெலடிப் பாடகன் என்று பெயரோடு குறித்தும் வைத்தார். அன்று கருவியை இயக்கியது யார் என்பதில் மட்டும் கீஸ்கரின் நினைவும் பிலிப்ஸின் நினைவும் ஒத்துப்போகவில்லை.

தட்டு எப்படி வெட்டப்பட்டது?

அது நாம் கடையில் வாங்கிய இசைத்தட்டு போன்றது அல்ல. கடைத் தட்டுகளை அச்சு வைத்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுப்பார்கள். இதுவோ 'அசிடேட்' எனப்படுவது. அலுமினியத் தகட்டின்மேல் மிருதுவான அரக்குப் பூச்சு. பாடகர் பாடப் பாட, கூரிய முள் அந்தப் பூச்சில் நேரடியாகக் கோடு கிழித்துக்கொண்டே போகும். தப்பு வந்தால் அழிக்க முடியாது. ஒரே பிரதிதான். பூச்சு மிருதுவானதால் ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் கொஞ்சம் தேயும். கேட்கக் கேட்க அழிகிற பொருள் என்று பொருத்தமாகச் சொல்லலாம்.

இரண்டு பக்கத்திலும் இரண்டு பாட்டு. முதலாவது 'மை ஹாப்பினெஸ்', 1948இல் பிரபலமான காதல் பாட்டு. இரண்டாவது 'தட்ஸ் வென் யுவர் ஹார்ட்டேக்ஸ் பிகின்', இங்க் ஸ்பாட்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடியது. பக்கவாத்தியம் அவரே வாசித்த கிதார் மட்டும். பின்னாளில் அரங்கத்தை அதிரவைத்த மனிதர் இவர்தானா என்று நமக்குச் சந்தேகம் வரும். மெல்லிய, கொஞ்சம் உச்சத்தில் நிற்கும் குரல், தயக்கம், அங்கங்கே நடுக்கம். இரண்டாவது பாட்டு சரியாக முடியாமல், 'அவ்வளவுதான்' என்கிற மாதிரி பேசி நிறுத்திவிடுகிறார். ஆனாலும் ஒரு ஏக்கம் இருக்கிறது பாருங்கள், அதை எந்தப் பயிற்சியும் கொடுக்காது.

அம்மாவின் பிறந்த நாளுக்குப் பரிசாகச் செய்தார் என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். அம்மா கிளாடிஸின் பிறந்த நாள் ஏப்ரலில். தட்டு வெட்டியது கோடையில். கணக்கு உதைக்கிறது! வெறும் பரிசுக்காக என்றால் வேறு மலிவான வழிகள் இருந்தன. யாராவது தன்னைக் கவனிக்கமாட்டார்களா என்ற ஆசைதான் உள்ளே இருந்தது என்பது என் எண்ணம்.

ஒரு வருடக் காத்திருப்பு

யாரும் உடனே கூப்பிடவில்லை. 1954 ஜனவரியில் மறுபடியும் காசு கொடுத்து இன்னொரு தட்டு வெட்டிக்கொண்டார். அதற்கும் பதில் இல்லை. ஜூன் மாதம் பிலிப்ஸ் ஒரு புதுப் பாட்டைப் பாடிப் பார்க்க அழைத்தார். அந்தப் பாட்டும் நாஷ்வில் நகரிலிருந்து டெமோவாக வந்ததுதான் என்பது வேடிக்கை. அது சரியாக வரவில்லை. ஆனால் பிலிப்ஸ் கைவிடாமல் கிதார் கலைஞர் ஸ்காட்டி மூரையும், பாஸ் வாசிக்கும் பில் பிளாக்கையும் சேர்த்துவிட்டார். ஜூலை 5ஆம் தேதி இரவும் ஒன்றும் தேறவில்லை. இடைவேளையில் விளையாட்டாக எல்விஸ் ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை எடுத்துத் துள்ளலாகப் பாட, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஆர்தர் கிருடப் 1946இல் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்' அது. மற்றது சரித்திரம். அடுத்த ஆண்டு, 1955 நவம்பரில், ஆர்.சி.ஏ. நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது.

தட்டு போன பாதை

அந்த முதல் தட்டு என்ன ஆயிற்று? எல்விஸ் வீட்டில் இசைத்தட்டுப் போடும் கருவி இல்லை. அதனால் பள்ளி நண்பர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் கேட்டார். அங்கேயே விட்டுவிட்டும் வந்தார். நண்பர் அதைப் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். எல்விஸ் 1977 ஆகஸ்டில் இறந்துபோனார். 1990இல்தான் பொதுமக்கள் இந்தப் பதிவைக் கேட்க முடிந்தது. 2015 ஜனவரி 8, எல்விஸின் எண்பதாவது பிறந்த நாளன்று, கிரேஸ்லாந்தில் நடந்த ஏலத்தில் அந்தத் தட்டு 3,00,000 டாலருக்குப் போனது. வாங்கியவர் ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட். அவர் அதைப் பூட்டி வைக்காமல், அதே ஆண்டு ஏப்ரலில் அச்சு அசலாக நகல் போட்டு வெளியிட்டார்.

ஒரு நண்பர் குப்பையில் போடாமல் இருந்ததால் மிஞ்சியது. அவ்வளவுதான் விஷயம்.

நம் வீட்டுப் பெட்டிகள்

இப்போது என் வீட்டுக் கதை. 1986 நவராத்திரிக்கு என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கொலு முன்னால் உட்கார்ந்து பாடியதை டேப் ரிக்கார்டரில் பிடித்தேன். நடுவில் இருமல், பால்காரர் சைக்கிள் மணி, "போதும்டா, நிறுத்து" என்கிற குரல். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் மேலே வேறு பதிவு விழாது என்பது எனக்குத் தெரியும். உடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு காலி கேசட் இல்லையே என்று அதன்மேலேயே சினிமாப் பாட்டைப் பிடித்தேன். இது வேறு யாரும் செய்ததில்லை, நான் செய்தது. அம்மா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேசட்டின் கடைசியில், சினிமாப் பாட்டு முடிந்த இடத்தில், "போதும்டா" மட்டும் மிச்சம் இருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் தாத்தா பாட்டி குரல், அந்தந்த ஊர்ப் பேச்சு, தாலாட்டு எல்லாம் இப்படிக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. நாடாவில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் முன், நல்ல நிலையில் உள்ள ஒரு டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து நகல் எடுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். பேசுவது யார், எந்த வருடம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அது தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மறுபடி பாடினாள். குரல் அதே இடத்தில் நடுங்கியது. "தாத்தா, இதை உங்களுக்கு அனுப்பறேன், நீங்க வச்சுக்கோங்க" என்றாள். வைத்திருக்கிறேன்.