ஊட்டியா, கொடைக்கானலா? தாம்பரத்திலிருந்து குழுவாகக் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

கோடை லீவு வந்தாலே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் ஊட்டி என்பார்கள். மீதிப் பேர், ‘போன தடவையே ஊட்டிதானே, கொடைக்கானல் போலாம்’ என்பார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

ரயில் எங்கே ஏறுவது?
பாண்டியன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்திலேயே ஏறலாம். ஆனால், கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனிலிருந்து மேலே சுமார் 80 கி.மீ. போகணும். நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மூட்டை முடிச்சோடு சென்ட்ரல் போக வேண்டும். ஆனால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ.தான், மலை ரயிலும் உண்டு.

வேனில் போனால்?
இரண்டு ஊருக்கும் இ-பாஸ் முறை 2024 மே 7-ல் அமலுக்கு வந்தது. 2025 கோடை சீசனில் வாகனங்களுக்கு சென்னை உயர் நீதிமன்றம் தினசரி உச்சவரம்பும் வைத்தது: நீலகிரிக்கு 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எது சரிப்படும்?
சென்ட்ரல் வரை அலைய முடியாத பெரியவர்கள் இருந்தால் கொடைக்கானல். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் குழந்தைகள் இருந்தால் ஊட்டி. வேன் என்றால், இ-பாஸ் கைக்கு வந்த பிறகே ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுங்கள்.