பதினெட்டரை அடிப் படகுக்கு இருபது அடிக் கொட்டகை

ஹோபி டேண்டம் ஐலண்ட் என்ற படகின் நீளம் 18 அடி 6 அங்குலம். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கார் நிறுத்தும் கராஜ் பெரும்பாலும் 20 அடி நீளம்தான். கொஞ்சம் தாராளமாகக் கட்டியிருந்தால் 22 அடி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நுழைந்துவிடும் என்றுதான் தோன்றும். நுழையும். அதற்கப்புறம் ஆள் உள்ளே போய் விளக்கைப் போடுவதற்கு வழி இருக்காது.

பாய் கட்டிய கயாக் வாங்குகிறவர்கள் கடலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எவ்வளவு வேகம் போகும், அலையில் கவிழுமா, எத்தனை பேர் உட்காரலாம்? ஆனால் பொழுதுபோக்குப் படகு தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது தண்ணீரில் இல்லை, வீட்டில். வருடத்தில் இருபது நாள் கடலுக்குப் போகிறவரை நல்ல ஆர்வலர் என்றே சொல்லலாம். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் படகு எப்படிக் கிடக்கிறது என்பதுதான் அதன் உடம்பைத் தீர்மானிக்கிறது.

கயாக் என்பது ஒல்லியான, துடுப்புப் போட்டு ஓட்டுகிற படகு. அதற்குப் பாய்மரம் நட்டால் காற்றில் சாயும். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மிதவை வைத்துக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துவிட்டார்கள். டேண்டம் ஐலண்டில் இந்த மிதவைகளை விரித்தால் படகின் அகலம் 10 அடி, மடக்கினால் 4 அடி. பாய்மரம் 18 அடிக்குக் கொஞ்சம் மேல். பாயின் பரப்பு 90 சதுர அடி. காற்று விழுந்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே காலால் மிதிக்கலாம். படகுக்கு அடியில் இரண்டு துடுப்புகள் பென்குயினின் சிறகைப் போல இடமும் வலமும் அசைந்து தள்ளும். மிராஜ் டிரைவ் எனப்படும் இந்த மிதிபொறியை ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தினால் படகின் எடை நூறு கிலோவைத் தாண்டும். வெறும் உடலை மட்டும் தூக்கினாலும் அறுபது கிலோ பக்கம் வரும்.

இந்த நிறுவனமே ஒரு கராஜில் பிறந்தது என்பது வேடிக்கை. 1950இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில், ஹோபி ஆல்ட்டர் என்ற இளைஞர் அப்பாவின் கராஜில் அலைச்சறுக்குப் பலகைகளைச் செதுக்க ஆரம்பித்தார். அறுபதுகளின் இறுதியில் இரட்டை உடல் பாய்ப்படகுகளுக்கு வந்தார். துறைமுகத்தில் வாடகைக்கு இடம் பிடிக்காமல், டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் மணலிலிருந்தே தள்ளிவிடலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. நங்கூரமிட்ட படகுக்கு மாதாமாதம் செலவு உண்டு. வீட்டுக்கு வரும் படகுக்கு அது இல்லை. அதற்குப் பதில் கார் வெயிலில் நிற்கும்.

படகின் அளவை, அது கிடக்கப்போகும் இடம் தீர்மானிப்பது புதிதல்ல. 1865இல் ஜான் மக்ரெகர் என்ற லண்டன் வழக்கறிஞர், சின்னப் பாய் கட்டிய ‘ராப் ராய்’ என்ற ஓக் மரப் படகில் ஐரோப்பிய ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றினார். அதன் நீளம் 15 அடி, எடை 80 பவுண்டு. ஏன் 15 அடி? ஜெர்மானிய ரயில் வண்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. நாற்பது ஆண்டு கழித்து, 1905இல், ஆல்ஃப்ரெட் ஹோயரிஷ் என்ற மியூனிக் மாணவர் மரச்சட்டத்தைக் கழற்றி, மேல்துணியைச் சுருட்டி, பையில் போட்டு ரயிலில் எடுத்துப்போகக்கூடிய கயாக்கை உருவாக்கினார். 1907இல் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கினார். மடிக்கிற படகு என்றால் குளத்துக்குத்தான் லாயக்கு என்று நினைக்க வேண்டாம். 1956இல் ஹான்னஸ் லிண்டெமன் என்ற ஜெர்மன் மருத்துவர், சுமார் 5.2 மீட்டர் நீளமுள்ள கிளெப்பர் கயாக்கில் பாய் கட்டி, கேனரித் தீவிலிருந்து 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியக் கரையைத் தொட்டார்.

நம் கரையிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சோழமண்டலக் கரையில் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரவிடுவது வழக்கம். நீர் ஊறிய மரம் கனக்கும், மிதப்பும் குறையும். அவிழ்த்துப் போட்டால் காய்கிறது, தூக்கவும் சுலபம், இடமும் அடைக்காது. ஆல்ட்டரின் இரட்டை உடல் படகுகளுக்குக் கேட்டமரான் என்ற இனப்பெயர் வந்ததே இந்தக் கட்டுமரத்திலிருந்துதான்.

இன்றைய பாய்க்கயாக்கை இப்படி முழுவதுமாக அவிழ்க்க முடியாது. பக்க மிதவைகள் கழலும், குறுக்குச் சட்டங்கள் கழலும், பாய்மரம், சுக்கான், இருக்கைகள், மிதிபொறி எல்லாம் தனியே வரும். நடு உடல் மட்டும் ஒரே வார்ப்பு. சிக்கலும் அதில்தான்.

நம் மொட்டைமாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எப்படிச் செய்யப்படுகிறதோ, அதே முறையில்தான் இந்த உடலும் செய்யப்படுகிறது. பாலிஎத்திலீன் தூளை உலோக அச்சுக்குள் கொட்டி, சூடேற்றிச் சுழற்றினால், தூள் உருகி உள்சுவரெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. ஆறியதும் திறந்தால், ஒட்டே இல்லாத கூடு. பாறையில் உரசினால் கீறும், உடையாது. கண்ணாடியிழைப் படகைப் போல் விரிசல் விடாது. மலிவும்கூட. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு: அவசரமாக இடித்தால் எதிர்க்கும், மெதுவாக அழுத்தினால் இணங்கிவிடும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் விழுந்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பள்ளம் விழும். வெக்கை கூடினால் இந்த நகர்வும் கூடும். ஓட்டுக் கூரைக்கும் தகரக் கதவுக்கும் நடுவே வெந்துகொண்டிருக்கிற கராஜில், அடிப்பக்கம் குவிந்திருக்க வேண்டிய படகு ஒரு கோடையிலேயே குழிந்துபோகலாம். குழிந்த அடிப்பாகம் தண்ணீரை நேராகக் கிழிக்காது. வேகம் குறையும், திசையும் தடுமாறும்.

லேசான பள்ளம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. வெயிலில் கவிழ்த்துப் போட்டாலோ, சுடுநீர் ஊற்றி உள்ளிருந்து மெல்ல அழுத்தினாலோ, பிளாஸ்டிக் பழைய வடிவத்துக்குப் பெருமளவு திரும்பும். வருடக்கணக்கில் ஊறிய பள்ளம் அப்படித் திரும்பாது.

ஆகவே படகை எங்கே தாங்குவது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை அளவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நீண்ட தண்டு ஒன்றை இரண்டே இடத்தில் தாங்க வேண்டும், அது மிகக் குறைவாகத் தொய்ய வேண்டும் என்றால், இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளித் தாங்க வேண்டும். ஜெர்மானிய வானியலர் பெசலின் பெயரால் இந்த இடங்கள் அழைக்கப்படுகின்றன. பாரிஸ் அருகே வைத்திருந்த மீட்டர் அளவுகோலுக்கே இந்தக் கணக்குத்தான்: 1,020 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் பிளாட்டினக் கலப்புத் தண்டை, 571 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உருளைகள் மேல் வைக்க வேண்டும் என்று 1927இல் வகுத்த வரையறையே சொல்கிறது. பதினெட்டரை அடிப் படகுக்கு இதே கணக்கைப் போட்டால், ஒவ்வொரு முனையிலிருந்தும் சுமார் 4 அடி வரும். படகு சீரான தண்டு இல்லை. நடுவில்தான் கனம் அதிகம், மிதிபொறிக்காக ஓட்டையும் விட்டிருக்கிறார்கள். அதனால் அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். தாங்குவது மெல்லிய கயிறாக இருக்கக்கூடாது, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத நாடா வேண்டும். இரண்டு முனையிலும் வளையம் மாட்டித் தொங்கவிடுவதுதான் மிக மோசமான வழி. நடு முதுகு தொய்ந்துவிடும்.

அடுத்தது இடம். கூரையில் தொங்கவிட்டால் தரை முழுக்க நமக்கு என்று எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான். கப்பிகள் சுலபமாகக் கிடைக்கின்றன. நான்கு மடிப்புக் கயிறு போட்டால் 60 கிலோவைச் சுமார் 15 கிலோ இழுப்பில் தூக்கலாம். கப்பியின் உராய்வு கொஞ்சம் கூட்டும். 2 மீட்டர் உயர்த்த 8 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பலரும் கவனிக்காதது, நாம் கீழ்நோக்கி இழுக்கும்போது கூரை தாங்குவது படகின் 60 கிலோவை மட்டுமல்ல. நம் 15 கிலோ இழுப்பும் சேர்ந்து 75. அமெரிக்க கராஜ்களில் கூரைச் சட்டங்களின் கீழ்க்கட்டை பெரும்பாலும் மெல்லிய உட்கூரைப் பலகையைத் தாங்குவதற்கென்றே போட்டது. அந்தப் பலகையில் மட்டும் திருகாணி முறுக்கினால் படகு காரின் மேல் இறங்கும். மரத்துக்குள் ஏறியிருக்க வேண்டும், ஒரே சட்டத்தில் இல்லாமல் பல சட்டங்களுக்குப் பாரத்தைப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் கதவு விடாது. 1921இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் கண்டுபிடித்த, பட்டை பட்டையாக மடங்கி மேலே ஏறும் கதவுதான் இன்று பெரும்பாலான கராஜ்களில் இருக்கிறது. 7 அடி உயரக் கதவு திறந்தால், கூரைக்குக் கீழே 7 அடி நீளத்துக்கு உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். 20 அடி கராஜில் அதற்குப் பின்னால் மிஞ்சுவது 13 அடிக்கும் குறைவு. படகோ பதினெட்டரை அடி. கூரை 8 அடி உயரம் என்றால் கதவுக்கு மேலே 1 அடிதான் இடைவெளி, அதிலும் படகு அடங்காது. கதவுக்குக் கீழே தொங்கவிட்டால் மனிதத் தலை இடிக்கும். ஆக, 10 அடி கூரை இல்லாதவர்களுக்குத் தொங்குபடகு வெறும் கடைப் படத்து அழகுதான்.

சாதாரண உயரக் கராஜுக்குச் சுவர்தான் சரி. இரண்டு கார் கராஜில் 16 அடி அகலக் கதவின் இருபுறமும் ஏறக்குறைய 2 அடி சும்மா கிடக்கும். அங்கே இடுப்பு உயரத்துக்குக் கீழே, மெத்தை வைத்த தாங்கிகளில் படகைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம். அடிப்பாகத்தைவிட விளிம்பு விறைப்பானது, அதனால் பள்ளமும் அவ்வளவாக விழாது. கழற்றிய மிதவைகளும் பாய்மரமும் அதற்கு மேலே, அதே சுவரில். அறுபது கிலோவைத் தோள் உயரத்துக்குத் தூக்க ஆசைப்படுகிறவர்கள் முதுகைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

டிரெய்லரிலேயே விட்டுவிடுவது இன்னும் வசதி. நினைத்தவுடன் கிளம்பலாம். ஆனால் டிரெய்லரின் மூக்கு படகைத் தாண்டி நீளும். மூக்கை மடக்க முடிகிற வண்டி வேண்டும், அல்லது குறுக்காக நிறுத்த வேண்டும். 12க்கு 20 அடி அறையின் மூலைவிட்டம் 23 அடிக்கு மேல். மூன்றடி லாபம் என்று தோன்றும். படகுக்கும் அகலம் உண்டு என்பதால் அதில் பாதிகூடக் கையில் நிற்காது, காருக்கும் இடம் போய்விடும். எந்த முறையானாலும் வீட்டுக்கு வந்தவுடன் வார்களைத் தளர்த்திவிட வேண்டும். பாலிஎத்திலீன் வெயிலில் நன்றாக நீளும்: 20 டிகிரி வெப்பம் ஏறினால் இந்தப் படகு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வளரும். இறுக்கிக் கட்டிய வாருக்கு அடியில் வளர இடமில்லாமல் வளைந்துபோகும்.

உப்பு, ஈரம், எலி ஆகிய மூன்றும் தனிக் கதை. கடலில் போன படகைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும், மிதிபொறியின் சங்கிலியையும் கம்பிகளையும் முக்கியமாக. துருப்பிடிக்காத எஃகும் உப்பில் பூத்துப்போகும். அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றிவிட்டு, மூடிகளைத் திறந்தே வைத்தால் உள்ளே காற்றோடும். இல்லையென்றால் அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். பாயை ஈரத்தோடு சுருட்டினாலும் இதே கதை. ஆனால் மூடியைத் திறந்தே வைத்தால் எலி குடியேறும், அதனால் திறப்பில் கம்பி வலை கட்டுவது நல்லது. பனி விழும் ஊர்களில் உடலுக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்து 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் தாங்கிக்கொண்டாலும் உள்ளே திருகிய பாகங்கள் தாங்காது. கராஜிலேயே எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால் படகை அதன் பக்கத்தில் சாய்க்கவே கூடாது.

படகு வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போக வேண்டும். உள்நீளத்தைக் கதவை மூடிவிட்டு அளக்க வேண்டும், உயரத்தைக் கதவைத் திறந்துவிட்டு அளக்க வேண்டும். படகின் நீளத்தோடு 3 அடி கூட்டிப் பார்த்து இடம் போதாது என்றால், ஹோபியின் ஒற்றையாள் அட்வென்சர் ஐலண்ட் இருக்கிறது. அது இதைவிடக் கிட்டத்தட்ட 2 அடி குட்டை. அதுவும் நுழையாத அடுக்குமாடிக்காரர்களுக்கு, கிளெப்பர் போல மடித்துப் பையில் போடும் படகுகள் இருக்கவே இருக்கின்றன.